எஞ்சின் ஆயிலுக்கு வயதாவது எப்படி?

கார் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் குழப்பம் ஒருமுறையாவது வந்திருக்கும். தெருமுனை மெக்கானிக் "5,000 ஓடிடுச்சுன்னா ஆயிலை மாத்திடுங்க சார்" என்கிறார். காருடன் கொடுத்த கையேடு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்கிறது. விலை கூடிய சிந்தெடிக் ஆயிலை விற்பவரோ 15,000 வரை கவலையே வேண்டாம் என்கிறார். கார் ஒன்று, எஞ்சின் ஒன்று, பதில் மட்டும் மூன்று.

மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு காலத்தையும் ஒருவகை ஓட்டத்தையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நம் காருக்கு எது பொருந்தும் என்று நாமே முடிவு செய்ய வேண்டுமானால் இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும். எஞ்சினுக்குள் ஆயில் என்ன வேலை செய்கிறது? அந்த வேலையைச் செய்யும் திறன் எதனால் குறைகிறது? இரண்டும் விளங்கிவிட்டால், கிலோமீட்டர் என்பது ஆயிலின் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லும் கணக்குதான் என்பது புரியும்.

மரக்கட்டையை வெளியே தள்ளிய எண்ணெய்

1880-களில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய சோதனைக் கருவியில் அச்சின் அடிப்பக்கம் எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுழன்றது. மேலே பித்தளை பேரிங், அதன் மேல் சுமை. எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்துவிட்டது. மரக்கட்டையைச் செதுக்கி அடித்து இறுக்கினார், அதையும் எண்ணெய் தள்ளிவிட்டது. கடைசியில் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங்கின் மேல் அவர் ஏற்றியிருந்த சுமையோ சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

டவரின் முடிவுகள் 1883-இல் வெளியாயின. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் அதற்குக் காரணம் கண்டார். சுழலும் உலோகம் தன்னோடு ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொண்டு ஒடுங்கிச் செல்லும் இடைவெளிக்குள் போகிறது. இடம் குறுகக் குறுக எண்ணெய் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே சுமை முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை. நடுவில் நிற்கும் அந்த எண்ணெய்ப் படலத்தை உயவுப் படலம் என்கிறோம்.

இன்றைய கார் எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட் சுழல்வதும் இப்படித்தான். நெருக்கம் மிகுந்த இடத்தில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள், சில நேரம் ஒரு மைக்ரான்தான் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன் உடையது. அவ்வளவு மெல்லிய படலம்தான் எஞ்சினைத் தாங்குகிறது.

படலம் உருவாக இரண்டு தேவை: போதிய வேகம், ஏற்ற பாகுத்தன்மை. பாகுத்தன்மை என்பது எண்ணெய் ஓடுவதற்குக் காட்டும் தயக்கம். தண்ணீருக்கு அது குறைவு, விளக்கெண்ணெய்க்கு அதிகம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் நொடிகளில் வேகமும் இல்லை, மேலிடங்களுக்கு எண்ணெயும் முழுதாக வந்து சேரவில்லை. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் முனையிலோ சுமை மிகச் சிறிய இடத்தில் குவிவதால் படலம் எப்போதுமே மெலிந்துதான் இருக்கும். அங்கெல்லாம் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த ஒரு சேர்மம் கைகொடுக்கிறது. சூடும் உராய்வும் உள்ள இடத்தில் அது சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடித் தன்மையுள்ள ஒரு கவசத்தைப் பூசிவிடுகிறது. தேய்வது அந்தக் கவசம், உலோகம் தப்பிக்கிறது. தேய்ந்த இடத்தில் புதுக் கவசம் பூச ஆயிலில் அந்தச் சேர்மம் மிச்சம் இருக்க வேண்டும்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் வாங்கும் ஆயிலில் முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய். மீதி சேர்க்கைப் பொருட்கள். தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மத்தைப் பார்த்தோம். அமிலத்தை முறிக்கும் காரப் பொருட்கள் உண்டு, அவையே உலோகப் பரப்பில் படியும் அழுக்கையும் கழுவுகின்றன. கரித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் மிதக்கவைக்கும் பொருட்கள் உண்டு. எண்ணெய் காற்றோடு கலந்து கெடாமல் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளும் நுரை கட்டாமல் பார்க்கும் பொருட்களும் உண்டு. சூட்டில் எண்ணெய் நீர்த்துப் போகாமல் பிடித்து நிறுத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகளும் சேர்க்கப்படுகின்றன.

டப்பாவின் மேல் 5டபிள்யூ-30 என்று எழுதியிருப்பது பாகுத்தன்மையின் தரம். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால் கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதாக ஓடும். பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று பலர் நம்புகிறார்கள். ஓடிச் சூடேறிய எஞ்சினுக்குள் எண்ணெயின் வெப்பம் ஊட்டியிலும் வேலூரிலும் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பேரிங்குக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் ஆயில் பம்பையும் மனத்தில் வைத்தே தயாரிப்பாளர் தரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். கையேடு சொல்லும் தரத்தை விட்டு விலகக் காரணம் இல்லை.

அடிப்படை எண்ணெய் எளிதில் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை. முதலில் செலவாகிக் குறைபவை சேர்க்கைப் பொருட்கள். "ஆயில் போயிடுச்சு" என்று சொல்வதன் பொருள் பெரும்பாலும் இதுதான்.

கறுத்துவிட்டால் கெட்டுவிட்டதா?

டிப்ஸ்டிக்கை உருவி, கறுத்த எண்ணெயை விரலில் தொட்டுக் காட்டி, "பாருங்க, தார் மாதிரி ஆயிடுச்சு" என்பது பட்டறைகளில் வழக்கம். நிறத்தை வைத்துச் சொல்லும் இந்தத் தீர்ப்பு நம்பகமானதன்று.

துணி துவைக்கும்போது சோப்புத் தண்ணீர் கறுப்பதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் கறுத்தால் துணியின் அழுக்கு இறங்குகிறது, சோப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். அதே தண்ணீரில் இன்னும் சில துணிகளைத் துவைக்கலாம். நுரை அடங்கிய பிறகும் துவைத்துக்கொண்டே இருந்தால்தான் இறங்கிய அழுக்கு திரும்பத் துணியில் ஏறும். எஞ்சின் ஆயிலும் அப்படியே. கரித்துகள்களைத் தனித்தனியே பிரித்து மிதக்கவைப்பதால்தான் அது கறுக்கிறது. டீசல் கார்களில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. மிதக்கவைக்கும் பொருள் தீர்ந்த பிறகுதான் ஆபத்து. அப்போது கரி கட்டிகட்டியாகச் சேர்ந்து, சூட்டில் கெட்ட எண்ணெயோடு கலந்து கசடாக மாறி, ஆயில் செல்லும் நுண்வழிகளை அடைக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஆயில் கறுக்கவே இல்லையென்றால், அழுக்கு உலோகத்தின் மேல் படிந்து கிடக்கிறதோ என்றுதான் கவலைப்பட வேண்டும்.

நுரை அடங்கியதைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆயிலில் காரப் பொருள் எவ்வளவு மிச்சம் என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

எவை ஆயிலைக் கெடுக்கின்றன?

முதலாவது வெப்பம். பிஸ்டன் ரிங்குகளின் அருகே எண்ணெய் 200 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அங்கே ஆக்சிஜன் எண்ணெய் மூலக்கூறுகளோடு சேர்ந்து அமிலங்களையும் பிசினையும் உண்டாக்குகிறது. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் இந்த வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. டர்போ உள்ள எஞ்சினில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் டர்போவின் அச்சையும் இதே ஆயில்தான் தாங்குகிறது, அங்கே சூடு இன்னும் அதிகம்.

இரண்டாவது தண்ணீரும் எரிபொருளும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் வாயு மட்டும் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து, ஆயில் தேங்கும் சம்புக்குள் இறங்குகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் அது ஆயிலிலேயே தங்கும். பெட்ரோலும் அப்படித்தான். குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை, எரியாத துளிகள் சிலிண்டர் சுவர் வழியே கீழே வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்கின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. டாஷ்போர்டில் உள்ள வெப்பமானி காட்டுவது குளிர்விக்கும் நீரின் சூட்டை. முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடேறப் பல நிமிடங்கள் பிடிக்கும்.

மூன்றாவது அமிலம். எரிபொருளில் உள்ள கந்தகம் எரிந்து, நீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்தும் அமிலங்கள் பிறக்கின்றன. ஆயிலில் உள்ள காரப் பொருள் இவற்றை முறிக்கிறது. முறிக்க முறிக்கத் தானும் குறைகிறது.

நான்காவது தூசியும் கரியும். ஆயில் ஃபில்டர் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரான் வரையிலும் அதற்கு மேலும் உள்ள துகள்களை நன்றாகப் பிடிக்கும். நுண்கரி அதைவிட மிகச் சிறியது, தாராளமாக உள்ளே சுற்றும். ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தால் மண்துகள் உள்ளே போய், சிலிண்டரின் உட்சுவரான லைனரை அராவும்.

இதெல்லாம் எப்படித் தெரியும்?

எஞ்சினைப் பிரிக்காமலே அதன் நலத்தை ஆயிலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற வழியைத் திறந்தவர்கள் ரயில்காரர்கள். 1946-இல் அமெரிக்காவின் டென்வர்–ரியோ கிராண்டே ரயில் நிறுவனத்தின் ஆய்வகம், டீசல் எஞ்சின்களிலிருந்து எடுத்த ஆயிலை நிறமாலைமானியில் வைத்துச் சோதித்தது. ஒரு பொருளை மிகுந்த சூட்டில் ஒளிரச் செய்தால் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளி விடும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்து, பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கும் உலோகத்தையும் கண்டுபிடிக்கலாம். இரும்பு கூடினால் லைனரோ கேம்ஷாஃப்டோ தேய்கிறது. அலுமினியம் பிஸ்டனைக் காட்டும். ஈயமும் செம்பும் பேரிங்கைக் காட்டும். சிலிக்கன் கூடினால் தூசி நுழைகிறது. சோடியம் தென்பட்டால் குளிர்விக்கும் திரவம் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். இதோடு மிச்சமிருக்கும் காரத்தின் அளவு, சேர்ந்துள்ள அமிலத்தின் அளவு, பாகுத்தன்மை ஆகியவற்றையும் அளந்தால், அந்த ஆயில் இன்னும் ஓடலாமா என்பதற்குத் தெளிவான பதில் கிடைக்கும். லாரி, பேருந்து, ஜெனரேட்டர்களைப் பெருமளவில் நடத்துவோர் இன்றும் இந்த வழியைப் பின்பற்றுகிறார்கள்.

காரைப் பற்றிப் பொதுமக்களிடம் அதிகம் பேசப்பட்ட சோதனை 1996-இல் வந்தது. அமெரிக்காவில் அப்போது 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்பது கேள்வி கேட்காமல் ஏற்கப்பட்ட விதி. 3,000 மைல் என்றால் ஏறக்குறைய 4,800 கி.மீ., நம் ஊர் 5,000-க்கு மிக அருகில். நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், நியூயார்க் நகரத்தில் 75 டாக்ஸிகளைத் தேர்ந்தெடுத்து, எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பித்து, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓடவிட்டது. சிலவற்றுக்கு 3,000 மைலில் ஆயில் மாற்றினார்கள், மற்றவற்றுக்கு 6,000 மைலில். பிறகு எஞ்சின்களை மீண்டும் பிரித்து கேம்ஷாஃப்ட், வால்வு லிஃப்டர், பேரிங் ஆகியவற்றின் தேய்மானத்தை அளந்தார்கள், கசடு படிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டு வகை டாக்ஸிகளுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த முடிவை அப்படியே எல்லாக் காருக்கும் பொருத்திவிடக் கூடாது. டாக்ஸி காலையில் ஸ்டார்ட் செய்தால் இரவு வரை ஓடும். எஞ்சின் ஆறுவதே அரிது. தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலில் தங்க வாய்ப்பு இல்லை. குளிர்ந்த நிலையில் அடிக்கடி கிளப்பி, சற்று ஓட்டி அணைக்கும் காரைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் ஷிர்லி ஷ்வார்ட்ஸும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டார்கள். நெடுஞ்சாலை ஓட்டம், நகர ஓட்டம், கடும் வெப்பத்தில் பாரம் இழுக்கும் ஓட்டம், குளிரில் குறுந்தூர ஓட்டம் என்று பலவகையில் கார்களை ஓட்டி ஆயிலைச் சோதித்தார்கள். ஆயிலின் வெப்பநிலையும் எஞ்சின் சுற்றிய சுற்றுகளும் தெரிந்தால் போதும், ஆயில் எவ்வளவு கெட்டிருக்கும் என்பதைக் கணித்துவிடலாம் என்று கண்டார்கள். மிதமான சூட்டில் சுற்றும் சுற்றுக்குச் செலவு குறைவு. மிகக் குளிர்ந்த ஆயிலிலும் மிகச் சூடான ஆயிலிலும் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் பல சுற்றுகளாகக் கணக்கில் ஏறும். 1980-களின் இறுதியில் இந்தக் கணக்கு கார்களிலேயே நிறுவப்பட்டது. இன்று பல கார்களின் டாஷ்போர்டில் தோன்றும் ஆயில் ஆயுள் சதவீதத்துக்கு இந்த வழிமுறையே முன்னோடி. ஆயிலின் தரத்தை நேரடியாக அளக்கும் உணரி எதுவும் அந்த முதல் அமைப்பில் இல்லை. ஆயில் எதையெல்லாம் தாங்கியது என்பதைக் கூட்டிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான்.

எதிர்பாராத விதமான இன்னொரு முடிவும் உண்டு. வால்வுகளை இயக்கும் பாகங்களை வைத்து ஃபோர்டு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், புத்தம்புது ஆயிலைவிட ஓடிப் பழகிய ஆயிலில் தேய்மானம் குறைவாக இருந்தது. கவசம் பூசும் வேதிப்பொருட்கள் சற்று மாற்றமடைந்த பிறகு இன்னும் நன்றாக வேலை செய்கின்றன என்பது அதற்கு ஒரு விளக்கம். ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. அடிக்கடி மாற்றினால் எஞ்சினுக்கு நல்லதே நடக்கும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே இதன் செய்தி.

5,000 எங்கிருந்து வந்தது?

மெக்கானிக்குகளின் 5,000 கணக்கை அறியாமை என்று ஒதுக்குவது பெரிய தவறு. அது அனுபவத்தில் பிறந்தது. அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய நாட்களில் பெட்ரோலைக் கலந்து தந்தது கார்புரேட்டர். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால், எரியாத பெட்ரோல் தாராளமாக ஆயிலில் கலந்தது. பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது நாடு முழுவதும் நின்றது 2000-இல்தான். டீசலில் கந்தகம் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்று 1990-களின் தொடக்கத்தில் தரவிதி அனுமதித்தது. அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. வாகனப் புகை விதியான பி.எஸ்.-4 காலத்தில் அது 50 ஆயிற்று. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதியில் 10. பழைய அளவில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அமிலம் அவ்வளவு குறைந்தால் காரப் பொருளும் கூடுதல் காலம் நீடிக்கும்.

ஆயிலும் மாறிவிட்டது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. பெட்ரோல் எஞ்சின் ஆயிலை எஸ்.ஏ., எஸ்.பி. என்று எழுத்து வரிசையில் தரப்படுத்துகிறது. முதலில் வரும் எஸ்.ஏ. தரத்தில் சேர்க்கைப் பொருட்களே கிடையாது. 1930-க்குப் பிறகு தயாரான பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு அது உகந்ததல்ல என்று அந்த நிறுவனமே எச்சரிக்கிறது. ஆங்கில அகரவரிசையில் அதன் பிறகு பல எழுத்துகள் தாண்டிய தரங்களே இன்று கடையில் கிடைக்கின்றன. எஞ்சினிலும் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கிறது. அன்றைக்குச் சரியாக இருந்த 5,000, எரிபொருளும் எஞ்சினும் ஆயிலும் மாறிய பிறகும் பழக்கமாக நின்றுவிட்டது.

ஒரே 10,000, மூன்று கார்கள்

இப்போது ஒரு கணக்கு. கோவையில் இருப்பவர் ஒருவர் காரைச் சென்னைக்குப் போய்வர மட்டுமே எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி ஏறக்குறைய 500 கி.மீ. பத்துத் தடவை போய்வந்தால் 10,000 ஆகிவிடும். சராசரி வேகம் 60 என்றால் எஞ்சின் ஓடியது சுமார் 167 மணி நேரம். வழியில் நிறுத்தியதைச் சேர்த்தாலும் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய தடவைகள் சில பத்துகளைத் தாண்டாது.

சென்னையில் இருப்பவர் பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் அலுவலகம் போகிறார். சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்துச் சராசரி வேகம் 20. அவர் 10,000 கி.மீ. ஓட்டி முடிக்க எஞ்சின் 500 மணி நேரம் ஓட வேண்டும். நெரிசலில் நிற்கும்போது சக்கரம் சுற்றாவிட்டாலும் கிராங்க்ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஓடோமீட்டரில் ஏறாத அந்த நேரம் முழுவதும் ஆயிலுக்கு வேலைதான்.

மூன்றாவதாக, 3 கி.மீ. தொலைவிலுள்ள பள்ளிக்குக் குழந்தையைக் கொண்டுபோய் விட மட்டும் காரை எடுப்பவர். 10,000 கி.மீ. ஆவதற்குள் அவர் மூவாயிரம் தடவைக்கு மேல் எஞ்சினைக் கிளப்பியிருப்பார். அதில் ஒருமுறைகூட ஆயில் சரியாகச் சூடேறியிருக்காது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதன் உட்புறம் வெளிறிய காப்பி நிறத்தில் பிசுக்குப் படிந்திருந்தால், அது நீரும் எண்ணெயும் கலந்தது. இப்படிப்பட்டவர் ஆண்டுக்கு 3,000 கி.மீ.கூட ஓட்டமாட்டார். "அல்லது ஓராண்டு" என்று கையேட்டில் இருக்கும் சொற்கள் அவருக்காகவே எழுதப்பட்டவை.

பெரும்பாலான கையேடுகளில் இதற்கு இரண்டாவதாக ஓர் அட்டவணை இருக்கும். கடினப் பயன்பாடு என்ற தலைப்பில், அடிக்கடி குறுந்தூரம் ஓட்டுவது, நீண்ட நேரம் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது, புழுதிச் சாலை, மலைப்பாதை, அதிகப் பாரம், டாக்ஸி ஓட்டம் என்று வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். பலவற்றில் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கும். நம் நகரங்களில் கார் ஓட்டும் பலர் கடினப் பயன்பாட்டில்தான் இருக்கிறார்கள், அவர்களோ முதல் அட்டவணையோடு கையேட்டை மூடிவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

நெடுந்தூரம் சீராக ஓட்டுபவர் கையேட்டின் 10,000 கி.மீ.யை நம்பலாம். அதற்கு முன்னால் மாற்றுவதால் பயன் இல்லை. நெரிசலிலும் குறுந்தூரத்திலும் ஓட்டுபவர் இரண்டாவது அட்டவணையைப் பின்பற்ற வேண்டும், அப்போது மெக்கானிக்கின் 5,000 என்பதே சரியான எண்ணாக அமையக்கூடும். சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கிக் கெடாமல் நிற்பதில் மேலானது, அதை ஊற்றுவது நல்லதே. அதற்காக இடைவெளியைக் கையேட்டுக்கு மேல் நீட்டக் கூடாது. தண்ணீரும் பெட்ரோலும் தூசியும் விலை உயர்ந்த ஆயிலிலும் அதே அளவுதான் கலக்கும். உத்தரவாதக் காலம் முடியாத காருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் தேதியைத் தாண்டவே கூடாது. ஆயிலை மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது என்பதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் செய்வதே இல்லை. அது ஆயிலின் அளவைப் பார்ப்பது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் முழுக்கச் செருகி எடுங்கள். எண்ணெய்க் கோடு இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே போனால் உடனே டாப்-அப் செய்ய வேண்டும். சரியான இடைவெளியில் மாற்றும் காரிலும், நடுவில் ஆயில் குறைந்துபோனதைக் கவனிக்காததால் பேரிங் போய்விடுவதுண்டு. மாதம் ஒருமுறை இந்த இரண்டு நிமிட வேலை போதும்.

மேல்குறியைத் தாண்டி அளவு தானாகவே ஏறியிருந்தால் அதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பி.எஸ்.-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் எஞ்சின் கூடுதல் டீசலைத் தெளித்து, சூட்டை ஏற்றி, கரியை எரித்துச் சுத்தம் செய்கிறது. நகரத்துக்குள்ளேயே ஓட்டினால் இந்தச் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். ஆயில் பெருகியதுபோலத் தோன்றும், உண்மையில் நீர்த்துவிட்டது. அந்நிலையில் கிலோமீட்டரைப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். இத்தகைய கார் வைத்திருப்பவர்கள் அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரைமணி நேரமாவது சீராக ஓட்டிவருவது நல்லது.

இன்னொரு பொறுப்பும் நமக்கு இருக்கிறது. சிறிய காரில் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 3 முதல் 4 லிட்டர் பழைய ஆயில் வெளியே வருகிறது. தேய்ந்த உலோகமும் எரிபொருளின் கழிவும் கலந்த அதை, 2016-ஆம் ஆண்டின் இந்தியக் கழிவு மேலாண்மை விதிகள் அபாயகரமான கழிவு என்று வகைப்படுத்துகின்றன. சாக்கடையில் ஊற்றினால் அது நீரின் மேல் படலமாகப் பரவி, காற்று கரைவதைத் தடுத்து, ஏரிக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும். ஆனால் அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் கெடாமல்தான் இருக்கிறது என்று பார்த்தோமே, அதனால் பழைய ஆயிலைச் சுத்திகரித்து மீண்டும் அடிப்படை எண்ணெயாக மாற்ற முடியும், அதைச் செய்யும் அனுமதி பெற்ற ஆலைகளும் இருக்கின்றன. சர்வீஸுக்குப் பணம் கொடுக்கும்போது, இறக்கிய ஆயிலை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மறுசுத்திகரிப்புக்கு அனுப்புகிறோம் என்று தெளிவாகப் பதில் சொல்லும் பட்டறைக்கே வண்டியைத் தொடர்ந்து விடுங்கள்.